நாலாவது கம்பி

என் கணவருக்கு இன்னொரு பெண்டாட்டி உண்டு என்று கல்யாண வீடுகளில் நான் சொல்வேன். கேட்டவர்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். "முப்பதடி உயரம், இரும்பு உடம்பு, எங்க வீட்டுப் பின்பக்கந்தான் நிக்கிறா" என்றதும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பொய்யும் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்தால் குளித்து, பால் விடாத தே ஓ ஒன்று குடித்து, நேராக வானொலி அறைக்குள் போய்விடுவார். லைசென்ஸ் எடுத்து, சொந்தமாகக் கருவி வைத்து, வீட்டிலிருந்தபடியே உலகத்தோடு பேசுகிறவர்களில் அவர் ஒருவர். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் எங்கள் வரிசை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஜப்பானில் யாரோ ஒருவருக்கு இங்கே மழையா வெயிலா என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதற்கான ஏரியலைச் சுமந்துகொண்டு சமையலறைச் சுவரை ஒட்டி அந்த இரும்புக் கம்பம் நின்றது.

ஜப்பானுக்குப் பக்கம் பக்கமாகப் பேச்சு. எனக்கு மட்டும் "ம்ம்". காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருக்கும்போது நான் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். சோறு போடட்டுமா? ம்ம். கேஸ் தீர்ந்துபோச்சு. ம்ம். வீடு பத்திக்கிச்சு. ம்ம். மூக்கில் தொடங்கி நெஞ்சுக்குள் இறங்குகிற ஒரு ம்ம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். என் மிஷின் மோட்டார் ஓடினால் அவருடைய வானொலி கரகரக்கும். "மிஷினை நிறுத்தும்மா!" என்று அவர் கத்துவார். "நீங்க ஜப்பானை நிறுத்துங்க" என்று நான் கத்துவேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மாலை நேரம் அவருக்கு. அப்போது நான் மிஷினைத் தொடமாட்டேன். கொக்கி தைப்பது, ஓரம் அடிப்பது என்று கைவேலையை வைத்துக்கொள்வேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த மாலைகளில் வீட்டில் இருந்த சத்தமெல்லாம் அவர் ஜப்பானிடம் பேசுவதும் எனக்கு ம்ம் போடுவதும்தான்.

கம்பத்தை நிறுத்திய நாளில் எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. காற்றுக்குச் சாயாமல் இருக்க, கம்பத்தின் பாதி உயரத்துக்கு மேலே ஒரு வளையம் மாட்டி, அதிலிருந்து மூன்று எஃகுக் கம்பிகளை மூன்று திசைக்கு இழுத்துக் கட்டியிருந்தார். இரண்டு கம்பிகள் பின் சந்துச் சுவரின் இரண்டு மூலைகளுக்கு. ஒன்று வீட்டுக் கூரையின் உத்தரத்துக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு. வேலை முடிந்து, வியர்வை வழிய, பெருமையாக என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் எண்ணிப் பார்த்தேன்.

"மூணா?" என்றேன்.

"மூணு போதும். சரியாப் பிரிச்சுக் கட்டியிருக்கேன்."

"மூணு ஆகாதுங்க."

எனக்கு மூன்று ஆகாது. தட்டில் மூன்று தோசை வைக்கமாட்டேன். பெண் பார்க்க மூன்று பேராகக் கிளம்பமாட்டேன். என் அம்மாவும் அப்படித்தான். எங்கள் சொந்தத்தில் எல்லாருமே அப்படித்தான். காரணம் கேட்டால் தெரியாது, ஆனால் ஆகாது. வீட்டின் தலைக்கு மேல் மூன்று கம்பி நிற்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

"இது தோசை இல்லம்மா" என்றார். "நாலாவதா ஒண்ணை நடுவுல விட்டு இழுத்தா, மத்த மூணோட மல்லுக்கு நிக்கும். போஸ்டை ஒரு பக்கமா வளைச்சிடும்."

"அப்ப மொத்தமாக் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று மாலையே நாலாவது கம்பி ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரின் தூணில் அதைக் கட்டியிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று அவருக்கு நண்டு சம்பல் வைத்தேன். அதற்குப் பிறகு வந்துபோகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு அவர் செய்த ஒரே காரியம் என்று.

போன வருடம், ஒரு காலையில் பாசாரிலிருந்து மீன் வாங்கி வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு போய் மீனைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் அப்படியே இருந்தார். கண் திறந்திருந்தது. அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு மரணம் இருக்கிறது, அவருடையது அப்படி.

காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு வீட்டைக் கழுவினேன். பின்பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது என் கம்பி, அந்த நாலாவது கம்பி, தொளதொளவென்று தொங்கிச் சுவரில் தட்டிக்கொண்டிருப்பதை அன்றுதான் கவனித்தேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வீட்டுக்கு ஆம்பளை இல்லை என்றதும் உனக்கும் இளக்காரமா என்று அதைத் திட்டினேன். அவருடைய ஸ்பேனரை எடுத்து வந்து, கை வலிக்க வலிக்கத் திருகினேன். யார் மேல் இருந்த கோபம் என்று தெரியவில்லை. கம்பி விறைத்து நின்றபோது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

அடுத்து ஒரு பிற்பகலில் நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வானம் கறுத்து, மழைக்கு முந்திய காற்று கடல் பக்கமிருந்து அடிக்கத் தொடங்கியது. பழக்க தோஷத்தில், "ஏங்க, மழை வருது, துணியை எடுங்க" என்று குரல் கொடுத்தேன்.

"ம்ம்" என்று பதில் வந்தது.

கத்தி கையிலிருந்து விழுந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த சுவரிலிருந்தே அது வந்தது. மூக்கில் தொடங்கி நெஞ்சுக்குள் இறங்குகிற அதே ம்ம். துணி நனைந்தது, வெங்காயம் காய்ந்தது, நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மழை கொட்டத் தொடங்கிக் காற்று அடங்கியதும் அதுவும் நின்றுவிட்டது. அன்று இரவு முழுக்க விளக்கை அணைக்காமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பயம்தான். கட்டின புருஷனாக இருந்தால் என்ன, பயம் பயம்தானே.

நான் பைத்தியம் இல்லை. கம்பம் சமையலறைச் சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது, காற்றடித்தால் அது முனகுகிறது, அந்த முனகல் சுவருக்குள் இறங்குகிறது என்பதை இரண்டாம் முறையே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அவர் இருந்த இத்தனை வருடத்தில் எத்தனை காற்று அடித்திருக்கிறது! கூரைத் தகடுகள் பறந்திருக்கின்றன, எதிர் வீட்டு மாமரம் விழுந்திருக்கிறது. ஒரு நாளும் இந்தக் கம்பம் வாய் திறந்ததில்லை. அவர் போன பிறகு மட்டும் அது ஏன் முனகவேண்டும்? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் இல்லாததால் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். பைப்பில் தண்ணீர் வரவில்லை. ம்ம். கிள்ளான் கடைக்காரர் லைனிங் துணி விலையை ஏற்றிவிட்டார். ம்ம். இருந்தபோதும் ம்ம், போன பிறகும் ம்ம்தானா, ஒரு முன்னேற்றமும் இல்லையே என்று கேலி செய்தேன். அதற்கும் ம்ம். காற்று வரும் நாட்களுக்காகச் செய்திகளைச் சேர்த்து வைத்தேன். மாலையில் மிஷினைத் தொடுவதில்லை என்ற பழைய வழக்கத்தை விடவில்லை. ஓடினால் அவருக்குக் கேட்காதே. ஜெஞ்சாரோமில் இருக்கும் என் தங்கை, தனியாக இருக்காதே, இங்கே வந்துவிடு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். அங்கே காற்றடித்தால் அது வெறும் காற்றுதான். நான் போகவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பூசாரியைக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். முன்பு பயமாக இருந்தது அது கேட்டபோது. இப்போது காற்றில்லாமல் புழுங்கும் நாட்களில் வீடு அமைதியாக இருந்தால் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், "தங்கச்சி, உங்க போஸ்டு எங்க பக்கம் சாயுற மாதிரி தெரியலையா?" என்று கேட்டார்.

"அது எப்பவும் அப்படித்தானேக்கா."

"இல்ல லா. முந்தி நேரா இருந்துச்சு. இங்க பாரு, எம் மக பிரசவத்துக்கு வந்திருக்கா. பின் ரூம்ல ஃபேன் நல்லா வருதுன்னு அங்கதான் படுக்க வச்சிருக்கேன். நேரா அது மேலதான் வரும் போல இருக்கு. யாரையாச்சும் கூப்பிட்டுக் காட்டேன்."

அக்கா குரல் உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. அவரே கேட்கிறார் என்றால் பல நாள் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். தட்டமுடியவில்லை. என் கணவருடைய வானொலி நண்பர் ஒருவர் ரவாங்கில் இருக்கிறார். தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நல்ல பருமன், ஏணியைப் பார்த்தாலே கால் நடுங்கும். கம்பத்தை நிறுத்திய காலத்திலிருந்தே அதைப் பற்றி அவருக்குத் தெரியும். போன் செய்ததும் ரயில் பிடித்து வந்துவிட்டார், கையில் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு கறிபாப்போடு.

வந்தவர் என்னிடம் ஒரு நூல்கண்டு கேட்டார். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பின் சந்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும் கம்பத்தையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு நூலை என்னிடம் கொடுத்தார். பிளவுஸ் வெட்டுகிறவள் கண்ணுக்குக் கோணல் தப்பாது. அடியிலிருந்து வளையம் வரைக்கும் வயிறு தள்ளினாற்போல் வளைவு. வளையத்துக்கு மேலே முழுக்க அக்கா வீட்டுக் கூரைப் பக்கம் சாய்ந்திருந்தது.

நண்பர் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் மூன்றின் இரண்டு முனையிலும் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி மேலே கம்பியால் கட்டியிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை. அவற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். தொப் என்று செத்த சத்தம். பிறகு ஒரு கையில் கறிபாப்பைப் பிடித்துக்கொண்டே, நாலாவது கம்பியைச் சுண்டினார்.

"ம்ம்."

இலை அசையவில்லை. நல்ல வெயில். கறிபாப் தின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதரின் விரலிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. நண்பர் மறுபடியும் சுண்டினார். மறுபடியும் ம்ம்.

"அண்ணே, கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார்.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்லண்ணே. சொல்லுங்க."

அவர் குனிந்து திருகைக் காட்டினார். ஒரு பகுதி துருவும் பழைய பெயின்டுமாக இருந்தது. அதற்கு உள்ளே இழுபட்ட இடத்தில் புரிகள் உரசிப் பளபளத்தன. "இது புதுசா இறுக்கினது. யார் இறுக்குனா?"

"நான்தான். தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

"ஐயோ சிஸ்டர், அது தொங்கத்தான் வேணும்" என்றார். "மத்த மூணுக்கும் ரப்பர் போட்டிருக்கான், காத்துல பாடக்கூடாதுன்னு. பாடினா நாளாவட்டத்துல கம்பி அறுந்துடும். இதுக்கு ரப்பரே போடல. ஏன்னா இதை அவன் ஒரு நாளும் இறுக்கல. சும்மா கட்டித் தொங்க விட்டிருந்தான். எங்ககிட்ட சொல்லிச் சிரிப்பான். மூணு கம்பி காத்துக்கு, நாலாவது வீட்டுக்காரிக்குன்னு."

நான் அங்கேயே, ஈரத் தரையில், உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார். நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்ட கம்பி வெறும் வேஷம். அப்புறம்தான் மற்றது உறைத்தது. எனக்கும் மனம் நோகக்கூடாது, கம்பமும் வளையக்கூடாது என்று இரண்டுக்கும் நடுவே அதைத் தளர்வாகவே வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை விளக்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. நூலை அளவுக்கு மேல் இறுக்கினால் துணி சுருங்கிப்போகும் என்று வருகிற பெண்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். நான்தான் அந்தத் திருகை முறுக்கியிருக்கிறேன். இத்தனை மாதம் நான் பேசிக்கொண்டிருந்தது என் கையாலேயே இறுக்கிய ஒரு கம்பியோடு.

"இப்பவே லூஸ் பண்ணிடட்டுமா?" என்று நண்பர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "போஸ்டு தானா நிமிந்துக்கும். வேணும்னா ரப்பர் போட்டு விடுறேன்."

தளர்த்தினாலும் ரப்பர் போட்டாலும் குரல் போய்விடும். "நானே பாத்துக்கிறேண்ணே" என்று ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடுத்த பெரிய காத்துக்குள்ள செஞ்சிடுங்க சிஸ்டர். மின்னல் வந்துட்டா கிட்டவே போகாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். எல்லாம் தெரிந்த பிறகாவது அந்த மயக்கம் தெளிந்திருக்கவேண்டும். தெளியவில்லை. கம்பிதான் என்று தெரிந்தும் காற்று எழுந்ததும் சுவரோரம் போய் நின்றேன். உங்களை நான்தான் கட்டிவச்சிருக்கேனா என்று கேட்டேன். ம்ம் என்றது. அதைக் கேட்டு எனக்குக் குளிர் எடுத்தது, இருந்தும் நகர முடியவில்லை.

இதற்குள் பக்கத்து வீட்டில் பெண் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டது. பார்க்கப் போனேன். பின் அறையில் உத்தரத்திலிருந்து ஸ்பிரிங் தொட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். சேலைக்குள் சிவப்பாக, முஷ்டியை மூடிக்கொண்டு தூங்கியது. ஜன்னல் வழியாக மேலே பார்த்தேன். என் கம்பத்தின் தலை அந்த ஜன்னலுக்கு நேரே நின்றது.

"ஆளைக் கூப்பிட்டுக் காட்டினியே, என்ன சொன்னாங்க?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணும் பயமில்லன்னாங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

மறுநாள் பிற்பகலில் காற்று வந்தது. அந்த மாதிரிக் காற்றை அந்த வருடத்தில் பார்க்கவில்லை. சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று உருண்டு ஓடியது. கம்பம் முனகவில்லை, அலறியது. எனக்குத் தெரிந்த குரலே இல்லை அது. சமையலறையில் தட்டுகள் நடுங்கின. நாலாவது கம்பி கட்டிய தூணிலிருந்து சிமெண்டு பெயர்ந்து விழுவதைப் பார்த்தேன். அந்த அலறலுக்கு நடுவே சுவருக்கு அப்பாலிருந்து குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. இரண்டு சத்தமும் ஒரே நேரத்தில் என் காதில் விழுந்தன. ஒன்று வேண்டும் என்றால் மற்றது இல்லை.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினேன். மின்னல் இன்னும் வரவில்லை. திருகு கல்லாக இறுகியிருந்தது. முழு உடம்பையும் கொடுத்து அமுக்கினேன். இளகியது. திருப்பத் திருப்ப அலறல் இறங்கி, பழையபடி அவருடைய ம்ம் ஆனது. அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. இத்தோடு விட்டுவிடலாமே என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. "போறதா இருந்தா போங்க" என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன். குரல் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, தெருக்கோடிக்கு நடந்துபோகிறவர் பேச்சுப் போலத் தேய்ந்தது. பிறகு கம்பி தொய்ந்து என் முழங்கையில் விழுந்தது. கம்பம் ஒரு முறை குலுங்கி நிமிர்ந்தது. மழை பிடித்துக்கொண்டது.

அதற்கு அடுத்த காற்று இரண்டு நாள் கழித்து வந்தது. வேப்பிலையும் குப்பையும் பறக்க, துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். கம்பம் நேராக, வாயை மூடிக்கொண்டு நின்றது. அக்காவும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு துணி எடுக்க வந்திருந்தார். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, காத்து இவ்வளவு அடிக்குது. இன்னைக்கு அவரு சத்தத்தையே காணோமே?"

"யாருக்கா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"உங்க வீட்டுக்காரரு லா. வேற யாரு? சொவத்துக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேக்கும். நீ பேசுறதும் கேக்கும். சரி, புருஷன் பொண்டாட்டிக்குள்ள நாம எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன். போஸ்டு சாயுறதைக்கூட ரொம்ப நாள் உங்கிட்ட சொல்ல மனசு வரல. எந்த ஊருக்குப் போயிருக்காரு?"

கையில் துணியோடு நின்றேன். அக்கா கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், அக்காவிடமும், தவறிட்டாரு, போயிட்டாரு, சாமிகிட்ட போயிட்டாரு என்றுதான் சொல்லியிருந்தேன். போனவர்கள் திரும்பி வரலாம் இல்லையா?

"எங்கயும் போகலக்கா" என்றேன். "அவரு செத்துட்டாரு."

சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.